வேகமான கார்டு

"வேகமான கார்டு போட்டிருந்தா அவ சிரிப்பு கெடச்சிருக்குமா, அம்மா?"

கேட்டுவிட்டு ஆவுடையப்பன் கழுத்தில் தொங்கிய கேமராவைக் கையால் பிடித்துக்கொண்டார். யாரோ பிடுங்க வருவதுபோல.

மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு சிரிப்பு?"

"என் வீட்டுக்காரி சிரிப்பு. கோமு."

"அவங்க எங்க?"

"போயிட்டா."

அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த இணுக்கை எடுத்தது.

"சாப்பிடுங்க, அண்ணாச்சி. உள்ள பூல்பாண்டி இருக்காரு."

"பதில் சொல்லலியே?"

"கீரை வேகணும்லா."

*

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது அந்த மடம். மடம் என்று பேர்தான். ஒரு ஓட்டுச்சாய்ப்பு, ஒரு வேப்பமரம், தண்ணீர் அடியில் கிடக்கும் ஒரு கிணறு. அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கலாம். ஆவுடையப்பனுக்குத் தங்கை வயது. ஆனாலும் ஊர் மொத்தமும் அம்மா என்றுதான் கூப்பிடும்.

அம்மா அதிகம் பேசமாட்டார், எதையாவது கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் என்பார்கள். சொத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டு வந்த ஒருவரிடம் ஒரு மாதுளம்பழத்தைக் கொடுத்தாராம். அவர் அதை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போய்விட்டாராம்.

ஆவுடையப்பனுக்குப் பழம் வேண்டாம். பதில் வேண்டும்.

*

அடுக்களையில் பூல்பாண்டி இலையைப் போட்டார். மடத்துச் சமையல் முழுக்க அவர் கையில். வாயும் அவரிடம்தான்.

"என்ன வே, கேமராவைக் கழுத்துல போட்டுக்கிட்டே திங்கீரு? சோத்தைப் படம் எடுக்கப் போறீரா?"

"பழகிப்போச்சு."

"மாட்டுக்கு மணி பழகின மாதிரி."

ஆவுடையப்பன் ஊருக்கே போட்டோக்காரர். ஊரில் பாதிப்பேர் வீட்டுக் கல்யாண ஆல்பம் அவர் கை வேலை. இப்படி ஒரு வார்த்தை கேட்டால் முன்பெல்லாம் திருப்பிக் கொடுத்திருப்பார். இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அம்மாட்ட என்ன கேட்டீரு?"

"கார்டைப் பத்தி."

"ரேஷன் கார்டா?"

"கேமராவுக்குள்ள போடுற கார்டு. எடுத்த படமெல்லாம் அதுக்குள்ளதான் போய் உக்காரும். சில கார்டு மெதுவா வாங்கும். சில கார்டு சட்டுனு வாங்கும். ஒண்ணு ரெண்டு படம்னா எந்தக் கார்டும் போதும். விரலை எடுக்காம சடசடன்னு எடுத்தோம்னு வைங்க, மெதுவான கார்டு தெணறிப்போகும். கேமரா அப்படியே நின்னுரும். அது விழுங்கி முடிக்கிறவரைக்கும் அடுத்த படம் கெடையாது."

பூல்பாண்டி கரண்டியோடு யோசித்தார்.

"பானை வாய் சின்னதா இருக்கு. ஒரே கொட்டாக் கொட்டினா அரிசி வெளிய சிந்தும். அதான?"

"அதேதான்." ஆவுடையப்பன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அதேதான் வே. சிந்திப்போச்சு."

பூல்பாண்டி கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு விட்டார்.

*

வேப்பமரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க."

"ஒரு பக்கம் விழுந்துபோச்சு அவளுக்கு. பேச்சும் போச்சு. முகம் அசையாது. கண்ணு மட்டும் பாக்கும். டாக்டரு சொன்னாரு, எப்பவாவது ஒரு தடவை முகத்துல அசைவு வரலாம், வராமலும் போகலாம், நம்பிக்கிட்டு இருக்காதீங்கன்னு. நான் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கேமராவோட."

"கேமராவோடதாம்மா. கேளுங்க. அவளுக்கு ஒரு தெத்துப்பல்லு. அதனால படத்துக்குச் சிரிக்கமாட்டா. நான் கேமராவைத் தூக்கினாப் போதும், வாயை இறுக்கி மூடிக்குவா. இறக்கினா சிரிப்பா. ஊரான் வீட்டுப் பொண்ணுங்க சிரிப்பை எல்லாம் எடுத்துக் குடுத்தவன் நான். எங்க குடித்தனம் முழுக்க அவ சிரிச்ச படம் ஒண்ணு கெடையாது. அது ஒரு ஆசை. தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? மேல சொல்லுங்க."

"ஒருநாள் காலைல கஞ்சி எடுத்துட்டு உள்ள போறேன். என்னைப் பாத்தா. உதடு ஒரு ஓரமா நடுங்குச்சு. எனக்கு உசிரே கைக்கு வந்துருச்சு. கஞ்சியக் கீழ போட்டனா, எங்க போட்டேன், தெரியாது. கேமராவைத் தூக்கிட்டேன். விரலை எடுக்கவே இல்ல. சடசடன்னு ஓடுது. ஓடி, திடீர்னு நின்னுபோச்சு."

"கார்டு?"

"கார்டுதான். பழைய கார்டு. பின்னால ஒரு சிவப்புப் புள்ளி எரியும், அது எரியிற வரைக்கும் கேமரா நம்ம பேச்சைக் கேக்காது. அமுக்குதேன், அமுக்குதேன், அமுங்கல. தலைல அடிக்கிற மாதிரி அதை அடிச்சேன்."

"அந்த நேரம் எதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

ஆவுடையப்பன் கேமராவைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சிவப்புப் புள்ளியத்தான்," என்றார். "எப்ப அணையும், எப்ப அணையும்னு."

"பொறவு?"

"நிமிந்தேன். முகம் பழையபடி கல்லு மாதிரி. வாசப்படியில அவ தங்கச்சி பிரமு நிக்கா. 'அத்தான், அக்கா சிரிச்சாளே, பாத்தீங்களா'ங்கா."

"நீங்க பாக்கலையா? கண்ணு கேமராக்குள்ளதான இருந்துச்சு?"

"சடசடன்னு ஓடும்போது உள்ள இருட்டடிச்சு இருட்டடிச்சுத்தான் தெரியும். உருப்படியா ஒண்ணும் புரியாது. படத்துல பாத்துக்கிடலாம்னுதான் நாங்க எடுக்கிறதே."

வேம்பிலிருந்து ஒரு பழம் ஆவுடையப்பன் தோளில் விழுந்து உருண்டது. அவர் கவனிக்கவில்லை.

"அன்னைக்கே மதுரைக்குப் போனேன். இருக்கதுலயே வேகமான கார்டு எதுன்னு கேட்டு வாங்கினேன். 'அண்ணாச்சி, உங்க கேமராவுக்கு இது சைக்கிளுக்கு லாரி டயர் மாட்டின மாதிரி'ன்னு சிரிச்சான் கடைக்காரப் பையன். மாட்டுலே, உனக்கென்னன்னேன். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு எதிர்ல ஸ்டாண்டு போட்டு, கேமராவை நிறுத்தி, பின்னாலயே உக்காந்துட்டேன். கஞ்சி ஊட்டுறது, துடைக்கிறது எல்லாம் பிரமு பாத்துக்கிட்டா. நான் எந்திரிக்கல. எந்த நிமிசம் வரும்னு யாருக்குத் தெரியும்?"

"வந்துச்சா?"

"வரல."

அவர் கேமராப் பட்டையை விரலால் நெருடினார்.

"புதுக் கார்டு நல்ல கார்டும்மா. கேமரா ஒரு தடவைகூட நிக்கல," என்றார் ஆவுடையப்பன். "அவ மூச்சுதான் நின்னுது."

*

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் தீப்பெட்டி இருந்தது.

"பழைய கார்டு கொண்டுவந்திருக்கீங்களா?"

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். நெஞ்சோடு ஒட்டியிருக்கும் பை.

"கேமராவுல போடுங்க. நான் குச்சி உரசுதேன். அதை எடுங்க."

"இதுலயா?" அவர் டப்பாவை மூடிக்கொண்டார். "இதுல அவ இருக்கால்லா."

"இடம் இல்லையா?"

"இடம் இருக்கு."

"பிறகென்ன?"

மனசில்லாமல் போட்டார். அம்மா காற்றுக்குக் கையை வளைத்து ஒரு குச்சியை உரசினார். சர்ரென்று சீறிப் பற்றியது. ஆவுடையப்பனின் விரல் தானாக அமுங்கியது. சடசடசட. சுடர் பாதிக் குச்சிக்கு வருமுன் கேமரா நின்றது. சிவப்புப் புள்ளி எரிந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா, இப்படித்தாம்மா! சண்டாளக் கார்டு!"

குச்சி அம்மாவின் விரல் நுனிவரை எரிந்து அணைந்தது.

"இப்ப புதுசு."

புதுக் கார்டைப் போட்டார். இரண்டாவது குச்சி. இந்தத் தடவை கேமரா தயங்கவில்லை. சீறல், சுடர், சுடர் வளைவது, சுருங்குவது, கங்கு, புகை, கரிந்து நெளிந்த குச்சி. எல்லாம் உள்ளே போயிற்று.

"எது தேவல?" என்று கேட்டார் அம்மா.

"இதென்ன கேள்வி? ரெண்டாவதுதான். அணையிறது முழுசும் வந்திருக்கே. கடைசிப் புகைவரைக்கும்."

"அப்ப வேகமான கார்டு நல்லதுதான்."

தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு அம்மா எழுந்தார்.

ஆவுடையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. அதுதான் பதில் என்று விளங்கியதும் முகம் சுண்டிப்போனது.

"அவ்வளவுதானாம்மா?"

"கேட்டதுக்குச் சொல்லிட்டேனே."

"இதைச் சொல்ல மதுரைக் கடைக்காரன் போதுமே! நான் ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சிவப்புப் புள்ளிதாம்மா எரியுது. கார்டு மேல தப்புன்னா ஒரு வழியா மனசை ஆத்திக்கிடுவேன். என் மேல தப்புன்னாலும் சரி, விழுந்து அழுதுட்டுப் போறேன். ரெண்டுல ஒண்ணு தெரியாமல்லா சாகுதேன். நீங்க என்னடான்னா தீக்குச்சி உரசி வேடிக்கை காட்டுதீங்க."



ஆவுடையப்பன் பையைத் தூக்கித் தோளில் போட்டார். அடுக்களை வாசலில் பூல்பாண்டி நின்றிருந்தார்.

"மாதுளம்பழம் வாங்கினவன் தின்னுட்டாவது போனான்," என்று முணுமுணுத்தார் ஆவுடையப்பன்.

"கோவத்துல போகாதீரும் வே."

"கோவம் இல்ல. அலுத்துப்போச்சு."

வேலிப்படலைத் திறந்து கால் வெளியே வைத்தபோது அம்மாவின் குரல் வந்தது.

"அண்ணாச்சி. அவங்க படத்தைக் காட்டாமலே போறீங்களே."

*

அம்மா அதைக் கேட்பார் என்று ஆவுடையப்பன் எதிர்பார்க்கவில்லை. கோமு போன பிறகு யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஆறுதல் சொல்ல நேரமிருந்தது, படம் பார்க்க நேரமில்லை.

திரும்பி வந்தார். பழைய கார்டை மாட்டிக் கேமராவை நீட்டினார்.

"இந்தப் பொத்தானை அமுக்கினீங்கன்னா ஒவ்வொண்ணாப் பின்னால போகும். முதல்ல உங்க தீக்குச்சிதான் வரும். கடைசியா எடுத்தது அதுல்லா."

அம்மாவுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். கேமராவைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். சுடர். கொஞ்சம் பெரிய சுடர். இன்னும் பெரியது. சீறிப் பற்றும் தீப்பொறி.

பிறகு ஒரு கட்டில்.

"நிறுத்துங்க," என்றார் ஆவுடையப்பன். "இதுதான். அன்னைக்கு எடுத்ததுல கடைசிப் படம்."

அவரே கேமராவை வாங்கி, படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கிப் பெரிதாக்கி, திரை முழுக்க இரண்டு உதடுகள் மட்டும் தெரிந்தன. அந்த இடத்துக்கு அவர் விரல் வழி கேட்காமலே போயிற்று.

"இங்க பாருங்க. இந்த ஓரத்துல ஒரு மயிரிழை விலகியிருக்கா? இதோ சிரிப்பு வரப்போகுது. வருது வருதுன்னு இருக்கும்போது கார்டு நின்னுபோச்சு. தினம் இதைத்தான் பாக்கேன். இந்தப் படத்துக்கு அடுத்த படம்தாம்மா நான் தொலைச்சது."

"சின்னதாக்குங்க. எனக்கு முழுசாத் தெரியணும்."

சின்னதாக்கினார். கட்டில், சாய்த்து வைத்த தலையணை, கோமுவின் முகம். கட்டிலுக்குப் பின்னால் இரும்பு பீரோ. அதன் கண்ணாடியில் ஓர் ஆள்.

"இது யாரு?"

"நான்தான். கண்ணாடியில விழுந்துட்டேன். அதை விடுங்க, வெட்டிக்கிடலாம். எங்க தொழில்ல முதல்ல நம்மளத்தான் வெட்டுவோம்."

"முகத்தைக் காணுமே?"

"கேமரா மறைக்கும்லா."

அம்மா கொஞ்சநேரம் பார்த்தார். கண்ணாடிக்குள் ஒரு வேட்டி, ஒரு சட்டை, இரண்டு கைகள். கழுத்துக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி, நடுவில் வட்டக் கண்ணாடி.

"இதுக்கு முந்தின படத்துல என்ன இருக்கு?"

"அதுல என்னம்மா இருக்கப்போகுது? இதுதான் கடைசி. சிரிப்புக்கு ரொம்பக் கிட்ட உள்ளது இதுதான். முந்திப் போகப் போக தூரம்தான். முதல் படம் சுத்தமா ஆடியிருக்கும். கேமரா கண்ணுக்கு வர்றதுக்கு முன்னாலயே விரல் பட்டு விழுந்த படம். அதை எந்தப் போட்டோக்காரனும் பாக்கமாட்டான். அழிச்சுருவோம்."

"அழிச்சுட்டீங்களா?"

"இல்ல. அவ படம்லா. மனசு வரல."

"பாத்தீங்களா?"

"இல்ல."

அம்மா கேமராவை வாங்கிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

உதட்டின் ஓரம் இன்னும் கொஞ்சம் விலகியிருந்தது.

ஆவுடையப்பன் புருவத்தைச் சுருக்கினார். "அம்மா, அடுத்த படத்துக்குப் போறீங்க. பின்னால போகணும்."

"அடுத்த படம்தான் கெடையாதுன்னீங்களே. தீக்குச்சிதான்னீங்க."

மறுபடி அமுக்கினார். ஓரம் மேலே ஏறியது. கன்னத்தில் ஒரு சின்னக் குழி.

"இருக்காது," என்றார் அவர். திரையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். எண் குறைந்துகொண்டுதான் வந்தது.

அமுக்கினார். கண்ணாடியில் கறுப்புப் பெட்டி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அதற்கு மேலே கலைந்த நரை. கோமுவின் கண்கள் அந்த நரையில் இருந்தன.

அமுக்கினார். நெற்றி.

அமுக்கினார். ஒரு கண். கோமுவின் உதடு திறந்திருந்தது.

ஆவுடையப்பன் திரையை நோக்கிக் குனிந்தார். வேப்பமரத்தில் காற்று இருந்ததா, பூல்பாண்டி அடுக்களையில் பாத்திரம் உருட்டினாரா, ஒன்றும் அவர் காதில் விழவில்லை.

அம்மா மறுபடி அமுக்கினார்.

படம் ஆடியிருந்தது. கட்டில் ஒரு பக்கம் சரிந்து, தலையணை கலங்கி, எதற்கும் விளிம்பு இல்லை. எந்த ஆல்பத்திலும் சேர்க்க முடியாத படம். பீரோக் கண்ணாடியில், நெஞ்சளவுக்குத் தூக்கிய கேமராவுக்கு மேலே, ஒரு கையில் இன்னும் கஞ்சித் தம்ளரோடு, வாய் பிளந்து, ஒரு முழு முகம்.

கோமு அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தெத்துப்பல் தெரிய.

அம்மா வேறு பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார். அடுத்தடுத்த படங்களுக்குப் போகிற பொத்தான்.

"வேண்டாம்," என்றார் ஆவுடையப்பன்.

விரல் நின்றது.

யாரும் தொடவில்லை. கொஞ்சநேரத்தில் திரை தானாகவே அணைந்தது.